நீல இரத்தத்தின் தாமிரக் கணக்கு

குதிரைலாட நண்டின் இரத்தத்தை எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டால் குழாயில் இரண்டு அடுக்கு பிரியும். அடியில் வெள்ளையாக ஒரு படிவு, மேலே நீலத் திரவம். தடுப்பூசியிலும் ஊசிமருந்திலும் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு மூலப்பொருள் அந்த வெள்ளைப் படிவுதான். நீலத் திரவத்தை வடித்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

"நீல இரத்தம் உயிர் காக்கிறது", "தாமிரம் இருப்பதால் மருந்தாகிறது" என்று செய்திகள் வரும்போதெல்லாம் இந்த இரண்டு அடுக்கும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. சோதனைக்குப் பயன்படுவது இரத்த அணுக்கள். நீலம் அந்த விலங்கு மூச்சுவிடப் பயன்படுத்தும் புரதம். அந்தப் புரதத்தின் பெயர் ஹீமோசயனின். அது எப்படி வேலை செய்கிறது, ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது, தாமிரத்தால் மூச்சுவிடும் இறால் தாமிரம் பட்டாலே ஏன் சாகிறது ஆகியவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சுவாச நிறமி எதற்கு?

ஆக்சிஜன் நீரில் கரையும், ஆனால் மிகக் கொஞ்சமாக. 20 டிகிரி செல்சியஸில், காற்றோடு சமநிலையில் இருக்கும் 100 மி.லி. கடல்நீரில் ஏறக்குறைய 0.5 மி.லி. ஆக்சிஜன்தான் இருக்கும். தட்டைப்புழு மாதிரி மெல்லிய உடலுக்கு இது தோல் வழியாக ஊடுருவியே போதும். உடல் பருத்து, தசைகள் தொடர்ந்து உழைக்க ஆரம்பித்தால் போதாது. செவுளில் ஆக்சிஜனைப் பிடித்து, தசையில் விடுகிற ஒரு புரதம் இரத்தத்தில் வேண்டும். அதுவே சுவாச நிறமி. பெயரில் நிறம் இருந்தாலும் நிறம் அதன் வேலையில்லை. உலோகம் ஆக்சிஜனோடு சேரும்போது கூடவே வருவது அது.

விலங்குலகில் இப்படி நான்கு வகை உண்டு. ஹீமோகுளோபின் இரும்பை ஹீம் என்ற வளையத்துக்குள் வைத்திருக்கும், சிவப்பு. சில கடற்புழுக்களில் இருக்கும் குளோரோகுருவோரினும் இரும்புதான். நீர்த்த நிலையில் பச்சையாகத் தெரியும். ஹீமெரித்ரினில் இரும்பு உண்டு, ஹீம் வளையம் கிடையாது. ஆக்சிஜன் ஏறினால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. நான்காவதான ஹீமோசயனினில் தாமிரம்; இதிலும் ஹீம் வளையம் கிடையாது. பெல்ஜிய உடலியலாளர் லேயோன் பிரெடெரிக் 1878-இல் ஆக்டோபஸ் இரத்தத்தை ஆராய்ந்தபோது இந்தப் பெயரை வைத்தார். "ஹீமோ" என்பது இரத்தம், "சயனின்" என்பது நீலம். பெயரைப் பார்த்து ஹீம் இருக்கிறது என்றோ, சயனைடு இருக்கிறது என்றோ நினைக்க வேண்டாம். சொல்லப்போனால் சயனைடு இந்தப் புரதத்திலிருந்து தாமிரத்தையே பிடுங்கிவிடும்.

யாரிடம் இருக்கிறது? ஆக்டோபஸ், கணவாய், பெரும்பாலான நத்தைகள் என மெல்லுடலிகள் ஒரு பக்கம். நண்டு, இறால், சிங்கி இறால், சிலந்தி, தேள், குதிரைலாட நண்டு, சில பூரான்கள் எனக் கணுக்காலிகள் மறுபக்கம். விலக்குகளும் நிறைய. சிப்பி வகைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுவாச நிறமியே கிடையாது. பூச்சிகளுக்குக் காற்றுக்குழாய்கள் நேரே திசுவரை போவதால் பெரும்பாலும் தேவைப்படவில்லை. ஆனால் ஓடைகளில் வளரும் கல்ஈக்கள் சிலவற்றில் வேலைசெய்யும் ஹீமோசயனின் இருக்கிறது. பிளானார்பிஸ் என்ற நன்னீர் நத்தைக்கு இரத்தம் சிவப்பு, ஹீமோகுளோபின்.

ஒரு விஷயத்தை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். மெல்லுடலியின் ஹீமோசயனினும் கணுக்காலியின் ஹீமோசயனினும் ஒரே புரதமல்ல. தனித்தனியாகத் தோன்றியவை. தாமிரம் உட்கார்ந்திருக்கும் இடம் ஒத்திருக்கிறது, சுற்றியுள்ள கட்டுமானம் முழுக்க வேறு. ஒரே பெயரால் அழைப்பதால் பாடநூல்களிலேயே ஒன்றின் எண்கள் மற்றொன்றுக்கு எழுதப்பட்டுவிடுகின்றன.

இரண்டு தாமிரம், ஓர் ஆக்சிஜன்

ஹீமோகுளோபினில் ஓர் இரும்பு அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். ஹீமோசயனினில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு தாமிர அணுக்கள் வேண்டும். படிப்படியாகப் பார்த்தால்:

1. ஒவ்வொரு தாமிர அணுவையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மூன்று தாங்கிப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஆறு.

2. ஆக்சிஜன் இல்லாதபோது இரண்டு தாமிரமும் +1 நிலையில் இருக்கும். அந்த நிலையில் தாமிரத்தின் டி-எலக்ட்ரான் கூடு நிரம்பியிருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உறிஞ்சாது. இரத்தம் நிறமற்றது. இரண்டு அணுக்களுக்கும் இடையே ஏறக்குறைய 4.6 ஆங்ஸ்ட்ராம் தூரம்.

3. ஆக்சிஜன் உள்ளே வந்து இரண்டுக்கும் நடுவே குறுக்காகப் படுக்கும். தாமிரம் ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து +2 நிலைக்குப் போகும். ஆக்சிஜன் பெராக்சைடு நிலைக்கு மாறும். தாமிரங்கள் இரண்டும் நெருங்கி, இடைத்தூரம் சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராமாகக் குறையும்.

4. இப்போது இந்தக் கட்டமைப்பு 340 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியை வலுவாகவும், 570–580 நானோமீட்டர் அருகே மஞ்சள் ஒளியை மெலிதாகவும் உறிஞ்சும். மஞ்சள் குறைந்த மிச்சம் நம் கண்ணுக்கு நீலம்.

5. திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததும் எலக்ட்ரான்கள் தாமிரத்துக்கே திரும்பும், ஆக்சிஜன் வெளியேறும், நிறம் மறையும். எதுவும் செலவாகவில்லை.

ஐந்தாவது படி எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆக்சிஜன் போன பிறகும் தாமிரம் +2 நிலையிலேயே நின்றுவிட்டால் அது மெட்ஹீமோசயனின். புரதம் இருக்கும், தாமிரமும் இருக்கும், ஆக்சிஜனைப் பிடிக்காது. இரத்தத்தில் தாமிர அளவை மட்டும் சோதித்துவிட்டு "சுவாசத் திறன் நன்றாக இருக்கிறது" என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் தாமிரத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஹீமோகுளோபின் அந்த வாயுவை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால்தான் மனிதர் மூச்சடைத்துச் சாகிறார்கள். ஹீமோசயனின் அதைத் தளர்வாகத்தான் பிடிக்கும்.

நிறத்தை நம்பினால் ஏமாற்றம்

நண்டின் கால் அடிமூட்டில் ஊசியைச் செருகி ஒரு துளி எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். ஊசிக்குள் இருந்தபோது அது சாம்பல் படர்ந்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காற்றுப் படும் ஓரத்தில் முதலில் மெல்லிய நீலம் வரும். பிறகு உள்நோக்கிப் பரவும். சற்று நேரத்தில் துளி கூழாக உறையும். அப்படியே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் ஓரம் பழுப்பாகி, கறுக்கத் தொடங்கும். ஒரே துளியில் மூன்று நிறம்: ஆக்சிஜன் ஏறாத நிலை, ஏறிய நிலை, கடைசியாக மெலனின் உருவான நிலை.

ஆகவே "இறாலுக்கு இரத்தமே இல்லை, வெறும் தண்ணீர்" என்பதும் தவறு. "எப்போதும் நீலமாக ஓடுகிறது" என்பதும் தவறு. உயிருள்ள விலங்கில் செவுளிலிருந்து திரும்பும் இரத்தம்தான் நீலம். திசுக்களைச் சுற்றி வந்தது வெளிறியிருக்கும். தவிர, அந்த 580 நானோமீட்டர் உறிஞ்சல் மிக மெலிது என்பதால், புரதச் செறிவு குறைந்த விலங்கில் முழுக்க ஆக்சிஜன் ஏறியிருந்தாலும் நீலம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

அணுக்களுக்குள் அடைக்காததன் விலை

நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் பொதியப்பட்டிருக்கிறது. ஹீமோசயனின் அப்படியில்லை, இரத்தத் திரவத்திலேயே கரைந்து மிதக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

கரைந்த புரதம் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு புரதத்தின் எடையைப் பொறுத்ததல்ல, துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆக்டோபஸ் இரத்தத்தில் லிட்டருக்கு 100 கிராம் ஹீமோசயனின் இருப்பதாக வைத்துக் கணக்கிடுவோம். ஆக்சிஜன் பிடிக்கும் ஓர் அலகின் எடை சுமார் 50 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு; கிலோடால்டன் அதில் ஆயிரம்).

- அலகுகள் தனித்தனியாக மிதந்தால்: லிட்டருக்கு 2 மில்லிமோல். 20 டிகிரியில் அது தரும் இழுப்பு, அதாவது சவ்வூடுபரவல் அழுத்தம், சுமார் 36 மி.மீ. பாதரசம்.
- 70 அலகுகள் சேர்ந்து 35 லட்சம் டால்டன் எடையுள்ள ஒரே மூலக்கூறானால்: 0.03 மில்லிமோலுக்கும் குறைவு. அழுத்தம் சுமார் 0.5 மி.மீ. பாதரசம்.

அதே எடைப் புரதம், அதே எண்ணிக்கையில் ஆக்சிஜன் இருக்கைகள், அழுத்தமோ எழுபதில் ஒரு பங்கு. முதல் நிலையில் இரத்தம் திசுக்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கழிவை வடிகட்டி வெளியேற்ற இதயம் தள்ளும் அழுத்தத்தில் பெரும்பகுதி அதை எதிர்ப்பதிலேயே போய்விடும். சிறிய துண்டுகள் வடிகட்டியில் ஒழுகி வெளியேறவும் செய்யும். புரதத்தைப் பெரிதாக்கினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்கின்றன.

அப்படித்தான் ஆகியிருக்கிறது. கணுக்காலிகளில் 75 கிலோடால்டன் எடையுள்ள துணை அலகுகள் ஆறு ஆறாகச் சேரும். சிங்கி இறாலில் ஒரு ஆறு, டாரன்டுலா சிலந்தியில் நான்கு ஆறு, குதிரைலாட நண்டில் எட்டு ஆறு, அதாவது 48. மெல்லுடலிகளின் கட்டுமானம் வேறு மாதிரி: ஏழோ எட்டோ அலகுகள் ஒரே சங்கிலியில் கோத்திருக்கும், அப்படிப் பத்துச் சங்கிலிகள் சேர்ந்து சுமார் 35 நானோமீட்டர் அகலமுள்ள உள்ளீடற்ற உருளையாக நிற்கும். பல நத்தைகளில் இரண்டு உருளைகள் ஒட்டிக்கொண்டு எடை 80 லட்சம் டால்டனைத் தொடும்.

அறிவியல் வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. 1920-களில் தியோடர் ஸ்வெட்பெரி, தான் உருவாக்கிய அதிவேகச் சுழல் கருவியில் நத்தை ஹீமோசயனினைச் சுற்றியபோது, அத்தனை மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஒரே எல்லைக்கோடாக இறங்கின. புரதம் என்பது சிறுதுண்டுகளின் ஒழுங்கற்ற கூழ் என்று பலர் நம்பிய காலம் அது. இவ்வளவு பெரிய மூலக்கூறு இவ்வளவு துல்லியமாக ஒரே அளவில் இருக்கிறது என்பதை அந்தக் கோடு கண்முன் காட்டியது.

இந்தக் கட்டுமானத்தைச் சேர்த்துப் பிடிப்பவை கால்சியம், மக்னீசியம் அயனிகள். அவற்றை நீக்கினாலோ, காரத்தன்மையை உயர்த்தினாலோ உருளை துண்டு துண்டாகப் பிரியும். ஆய்வகத்தில் இது அடிக்கடி காலை வாரும் இடம். அளவிடும் பகுதியில் மீண்டும் வருகிறது.

எவ்வளவு சுமக்கும்?

எடைக்கு எடை ஒப்பிட்டால் தாமிரம் தோற்கிறது:

1. ஹீமோகுளோபின்: ஏறக்குறைய 17 கிலோடால்டனுக்கு ஓர் ஆக்சிஜன். ஒரு கிராம் 1.34 மி.லி. சுமக்கும்.
2. மெல்லுடலி ஹீமோசயனின்: 50 கிலோடால்டனுக்கு ஒன்று. ஒரு கிராம் சுமார் 0.45 மி.லி.
3. கணுக்காலி ஹீமோசயனின்: 75 கிலோடால்டனுக்கு ஒன்று. ஒரு கிராம் சுமார் 0.30 மி.லி.

மனித இரத்தத்தில் லிட்டருக்கு 150 கிராம் ஹீமோகுளோபின் என்றால் 100 மி.லி.க்கு 20 மி.லி. ஆக்சிஜன். ஆக்டோபஸில் லிட்டருக்கு 100 கிராம் என்றால் 4.5 மி.லி. நண்டில் 50 கிராம் என்றால் 1.5 மி.லி. உயிருள்ள விலங்குகளில் அளக்கும்போது கிடைக்கும் எண்களும் இதே சுற்றளவில்தான் வருகின்றன.

புரதத்தை இன்னும் கூட்டினால் என்ன? இரத்தம் பாகு மாதிரி தடித்துவிடும். தள்ளும் இதயத்துக்குச் சுமை ஏறும். அதனால்தான் தலைக்காலிகள் (ஆக்டோபஸ், கணவாய் வகைகள்) வேறு வழியில் ஈடுகட்டுகின்றன: மூடிய இரத்தக் குழாய்கள், செவுளுக்கு ஒன்றாக இரண்டு துணை இதயங்கள், உடலுக்கு ஒரு முதன்மை இதயம். மூன்று இதயம் என்பதை விந்தைச் செய்தியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். குறைந்த கொள்ளளவுள்ள இரத்தத்தை அதிக வேகத்தில் சுற்றவைக்கும் ஏற்பாடு அது.

ஏற்றுவதும் இறக்குவதும்

சுமை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எங்கே இறக்குகிறது என்பது மீதிப் பாதி. அதை அளக்கப் பயன்படும் எண் "பாதி நிரம்பும் அழுத்தம்": நிறமியின் இருக்கைகளில் பாதி நிரம்பியிருக்கும்போது உள்ள ஆக்சிஜன் அழுத்தம். எண் சிறிதானால் பிடி இறுக்கம், பெரிதானால் தளர்வு.

துணை அலகுகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்கும். ஓர் இருக்கையில் ஆக்சிஜன் அமர்ந்தால் பக்கத்து இருக்கைகள் எளிதாகத் திறக்கும். இந்த ஒத்துழைப்பைக் காட்டும் ஹில் எண் மனித ஹீமோகுளோபினில் 3-க்குச் சற்றுக் குறைவு; டாரன்டுலா சிலந்தியின் 24 அலகு ஹீமோசயனினில் 9 வரை போகிறது. இருபத்து நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடுகின்றன.

அமிலத்தன்மை கூடினால் பிடி தளர்வது போர் விளைவு (Bohr effect). கார்பன் டைஆக்சைடு நிறைந்த தசையில் ஆக்சிஜனை இறக்க உதவும். கணவாய் வகைகளில் இது மிகவும் கடுமை. குதிரைலாட நண்டிலும் சில நத்தைகளிலும் தலைகீழ்: அமிலம் கூடினால் பிடி இறுகும். நண்டு ஓடிக் களைத்தால் லாக்டேட் சேரும். அதன் அமிலம் பிடியைத் தளர்த்தும், ஆனால் லாக்டேட் அயனி தானே புரதத்தில் ஒட்டிப் பிடியை இறுக்கும். ஒன்று மற்றொன்றைப் பகுதியளவு ஈடுசெய்வதால் செவுளில் ஏற்றுவது கெடாமல் இருக்கிறது.

கடல் அமிலமாவது பற்றிய செய்திகளில் கணவாய் அடிக்கடி வருவதன் பின்னணி இதுதான். தண்ணீரிலேயே கார்பன் டைஆக்சைடு கூடினால், இறக்க உதவிய அதே விளைவு ஏற்றுவதற்கு இடைஞ்சலாகலாம். வேகமாக நீந்தும் ஊசிக்கணவாய் ஒரு சுற்றிலேயே இரத்தத்தின் பெரும்பாலான ஆக்சிஜனைச் செலவழித்துவிடும், கையிருப்பு குறைவு. அதற்காக எல்லாக் கணவாயும் மூச்சடைத்துவிடும் என்று முடிவுகட்டுவது அவசரம். இரத்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்து அமிலத்தைச் சமன்செய்யும் திறன் சாதாரணக் கணவாயில் காணப்பட்டிருக்கிறது.

"குளிருக்காகவே நீல இரத்தம்" என்ற விளக்கமும் பரவலாக உலவுகிறது. அப்படியே ஏற்க முடியாது. பாலைவனத் தேளிடமும் வெப்பநாட்டுச் சிலந்தியிடமும் இதே நிறமிதான். குளிர் உண்மையில் தொல்லைதான் தருகிறது: வெப்பநிலை இறங்கினால் பிடி இறுகும், ஆக்சிஜன் ஏறும், இறங்காது. அண்டார்க்டிக் ஆக்டோபஸ் பாரெலெடோன் சார்கோட்டியை வெப்பநீர் இனங்களோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, அதன் இரத்தத்தில் ஹீமோசயனின் கூடுதலாக இருப்பதையும் பிடி தளர்வாக இருப்பதையும் காட்டியது. நீல இரத்தம் இருந்ததால் குளிரைச் சமாளித்தது என்பதைவிட, குளிரைச் சமாளிக்க நீல இரத்தத்தையே அது திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே சரி.

இரத்தத்தில் தாமிரம், தண்ணீரில் தாமிரம்

மீன்தொட்டி வைத்திருப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: இறாலுக்கும் நத்தைக்கும் தாமிரம் தேவை என்றால், தாமிர மருந்து போட்டதும் அவை ஏன் முதலில் சாகின்றன?

விடை தாமிரம் இருக்கும் வடிவத்தில் இருக்கிறது. ஹீமோசயனினில் ஒவ்வொரு அணுவும் மூன்று ஹிஸ்டிடின் தாங்கிப் பிடிக்கும் குழியில் பூட்டப்பட்டது. தண்ணீரில் கரைந்த தாமிர அயனி எதன் கட்டுக்குள்ளும் இல்லாதது. அது செவுளில் ஒட்டி, சோடியத்தை உள்ளிழுக்கும் நொதியை முடக்கும். நன்னீர் விலங்கின் உடலிலிருந்து உப்பு கசிந்துகொண்டே போகும். அணுக்களுக்குள் புகுந்தது வினைமிகு ஆக்சிஜனை உருவாக்கித் திசுவைச் சிதைக்கும். இவ்விலங்குகள் உணவிலிருந்து பெறும் தாமிரத்தைக்கூட தனியே விட்டுவைப்பதில்லை. ரோமன் நத்தையில் இதற்கென்றே உலோகத்தைக் கட்டிவைக்கும் ஒரு மெட்டலோதயோனின் புரதம் இருக்கிறது. காட்மியத்தைப் பிடிக்க வேறொன்று. நண்டும் இறாலும் ஓடு கழற்றும் காலத்தில் ஹீமோசயனினைச் சிதைத்து, மிஞ்சும் தாமிரத்தைச் செரிமானச் சுரப்பியில் இதே மாதிரிப் புரதத்தோடு கட்டிவைக்கின்றன.

நடைமுறையில் தவறுகள் நேரும் இடங்கள்:

1. கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்குத் தரும் தாமிர அளவு பொதுவாக லிட்டருக்கு 0.15–0.20 மி.கி. மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் சிகிச்சை.

2. சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு குறைகிறதே என்று மேலும் மருந்து போடுவார்கள். தண்ணீரை மாற்றி மாதங்கள் கழித்து அதே பாறை தாமிரத்தைத் திருப்பி விடும். புதிதாக விட்ட இறால் காரணம் தெரியாமல் சாகும்.

3. நீரின் கடினத்தன்மையும் கரைந்த கரிமப் பொருளும் குறைவாக இருந்தால் அதே அளவு தாமிரம் அதிகம் கொல்லும். கட்டுறாத அயனியின் அளவே நச்சை முடிவு செய்கிறது. மொத்தத் தாமிரத்தைக் காட்டும் சோதனைப்பெட்டியின் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

4. "இரத்தம் ஊறட்டும்" என்று தண்ணீரில் தாமிர உப்பு போடுவது கொலைக்குச் சமம். தாமிரம் தீவனத்தின் வழியாகவே போக வேண்டும்.

எப்படி அளப்பது, எங்கே பிழைக்கும்

இறாலின் உடல்நிலையை மதிப்பிட ஹீமோசயனின் அளவு நல்ல அடையாளம். பட்டினி, ஓடு கழற்றல், நோய் எல்லாவற்றிலும் இது இறங்கும். முறை எளிது:

1. வயிற்றுப்புறம், முதல் வயிற்றுக் கண்டத்தின் அடியில் மெல்லிய ஊசியால் இரத்தம் எடுக்கவும்.
2. 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் கால்சியம் கலந்த தாங்கல் கரைசலில் உடனே கலக்கவும். நூறு மடங்கு நீர்ப்பு.
3. காற்றுப் படும்படி மெதுவாகப் புரட்டவும். நுரை வந்தால் புரதம் கெடும்.
4. 1 செ.மீ. குவெட்டில் (ஒளி அளவிட மாதிரியை ஊற்றும் சிறு கலம்) 335 நானோமீட்டரில் உறிஞ்சலைப் படிக்கவும். புற ஊதாவை விடும் குவெட்டாக இருக்க வேண்டும்.
5. கிடைத்த எண்ணை 17.26 ஆல் வகுத்தால் 74 கிலோடால்டன் அலகின் மில்லிமோல் செறிவு. அதை 100 ஆல் பெருக்கவும்.

உதாரணமாக 0.173 என்று வந்தால்: 0.01 மில்லிமோல், நீர்ப்பைச் சேர்த்தால் 1 மில்லிமோல், அதாவது லிட்டருக்கு 74 கிராம். அது சுமக்கக்கூடிய ஆக்சிஜன் 100 மி.லி.க்கு சுமார் 2.2 மி.லி.

எண் குறைவாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜன் முழுதாக ஏறியதா என்பதை. 335 உறிஞ்சல் ஆக்சிஜன் ஏறிய புரதத்துக்கு மட்டுமே உரியது. எண் எதிர்பாராமல் கூடுதலாக வந்தால் கலங்கலைச் சந்தேகிக்கவும். உறைந்த துணுக்குகள் ஒளியைச் சிதறடித்து உறிஞ்சல் போலவே காட்டும். சோதித்துப் பார்க்க வழி: கரைசலின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஓடவிட்டு ஆக்சிஜனை நீக்கி மறுபடி படியுங்கள். மறைந்த பகுதி ஹீமோசயனின், மறையாமல் நின்றது கலங்கல். உறையாமலிருக்க, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த மாதிரியை ஆக்சிஜன் பிடிப்புத் திறன் அளக்கப் பயன்படுத்தவே கூடாது. கால்சியம் போய் மூலக்கூறு பிரிந்திருக்கும், ஒத்துழைப்பும் போயிருக்கும். ஒளிவிலகல்மானியில் (refractometer) மொத்தப் புரதம் பார்ப்பது வேகமான வழிதான், ஆனால் உறைவுப் புரதமும் கொழுப்புப் புரதமும் அந்த எண்ணில் சேர்ந்தே வரும்.

அதே தாமிரம், வேறு வேலை

இரட்டைத் தாமிர இருக்கை ஹீமோசயனினுக்கு மட்டும் சொந்தமல்ல. மெலனின் உருவாக்கும் டைரோசினேஸ், ஃபீனாலாக்சிடேஸ் நொதிகளிலும் அதே அமைப்பு. ஹீமோசயனினில் அந்தக் குழியின் வாசலை ஓர் அமினோ அமிலம் அடைத்து நிற்கிறது; ஆக்சிஜன் நுழையும், பெரிய ஃபீனால் மூலக்கூறு நுழையாது. காயம்பட்டாலோ, புரதம் நொதியால் வெட்டப்பட்டாலோ அந்த அடைப்பு விலகி, சுமைதூக்கி நொதியாகிவிடும். இறந்த இறாலின் தலையில் தொடங்கும் கரும்புள்ளியில் இதற்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஐஸ் அதைத் தாமதப்படுத்துகிறது, நிறுத்துவதில்லை. சல்ஃபைட்டு கரைசல் அந்த வினையையே மறிக்கிறது.

மெகத்துரா கிரெனுலேட்டா என்ற துளைமட்டியின் ஹீமோசயனின் நோயெதிர்ப்பு ஆய்வில் தனிப் பொருள். 80 லட்சம் டால்டன் எடையும் நமக்கு முற்றிலும் அந்நியமான சர்க்கரை அமைப்பும் சேர்ந்து நோயெதிர்ப்பு மண்டலத்தை உடனே எழுப்பும். தனியாகச் செலுத்தினால் கண்டுகொள்ளப்படாத சிறு மூலக்கூறுகளை இதில் ஒட்டிச் செலுத்துகிறார்கள். இந்தப் பயன்பாட்டில் அதன் தாமிரம் எந்த வேலையும் செய்வதில்லை.

திரும்பவும் அந்தக் குழாய்

குதிரைலாட நண்டின் இரத்தம் பாக்டீரியா பட்டால் உறைவதை 1956-இல் பிரெடெரிக் பாங் விவரித்தார். உறைவுக்குக் காரணம் இரத்த அணுக்களுக்குள் இருக்கும் நொதித் தொடர். அதன் முதல் கண்ணி காரணி சி. அதிலிருந்து எழுந்த சோதனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல் ஏற்றது. அதற்குமுன் முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். காரணி சியை இப்போது மரபுப் பொறியியல் வழியாக அணு வளர்ப்பில் செய்ய முடிகிறது. ஐரோப்பிய மருந்தியல் தரநூல் 2021 முதலும், அமெரிக்கத் தரநூல் 2025 மே முதலும் இந்த வகைச் சோதனைக்கு இடம் கொடுத்திருக்கின்றன. "செயற்கை நீல இரத்தம்" என்று இதை எழுதுவது பிழை. அதில் தாமிரமும் இல்லை, நீலமும் இல்லை.

நண்டைப் பிடித்து இரத்தம் எடுத்துக் கடலில் விடும் முறையில், உடலிலுள்ள இரத்தத்தில் 30 விழுக்காடு வரை போகலாம். அதனால் சாகும் நண்டுகளின் பங்கு 15 முதல் 30 விழுக்காடு என்று மதிப்பிடப்படுகிறது. போன இரத்தத்தின் கன அளவு சில நாள்களில் தண்ணீரால் நிரம்பிவிடும். ஹீமோசயனின் அப்படி நிரம்பாது. ஒவ்வொரு மூலக்கூறையும் 48 துணை அலகு சேர்த்துக் கட்ட வேண்டும், 96 தாமிர அணு தேட வேண்டும். இரத்தம் எடுத்த நண்டுகளில் அதன் அளவு வாரக்கணக்கில் தாழ்ந்தே இருப்பதும், அவை குறைவாக நடமாடுவதும் பதிவாகியுள்ளன. கரைக்கு வந்து முட்டையிடும் பருவத்திலேயே பெரும்பாலும் பிடிக்கப்படுவதால், மூச்சு குறைந்த அந்த வாரங்கள் முட்டையிடும் வாரங்களின் மேலேயே விழுகின்றன. சோதனைக்கு வேண்டாமென்று வடித்துவிடப்படும் அந்த நீலத் திரவத்தைத்தான் நண்டு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது.